விலை கூடினால் தரமும் கூடுமா? கூடுதல் காசு எங்கே போகிறது

ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பொருட்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. "மலிவாக வாங்கினால் இரட்டைச் செலவு" என்று ஒரு கட்சி. "பேருக்குத்தான் அவ்வளவு காசு, உள்ளே எல்லாம் ஒன்றுதான்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைக்கும். காரணம், சில பொருட்களில் முதல் கட்சி சொல்வது அப்பட்டமான உண்மை. வேறு சிலவற்றில் இரண்டாவது கட்சி சொல்வதும் அப்படியே. எதில் எது உண்மை என்று பிரித்துப் பார்க்க, விலை என்ற ஒற்றை எண்ணுக்குள் என்னென்ன அடைந்து கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

## விலைக்குள் என்ன இருக்கிறது

தொழிற்சாலையில் செய்து விற்கும் எந்தப் பொருளின் விலையையும் ஐந்து பங்காகப் பார்க்கலாம்.

1. மூலப்பொருளும் உதிரிபாகமும். கம்பி செம்பா, செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியமா? மோட்டாரின் தண்டைத் தாங்குவது உருளும் குண்டுகள் கொண்ட பால் பேரிங்கா, வெறும் உலோக வளையமான புஷ்ஷா? தரம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

2. சோதனையும் கழிப்பும். செய்த பொருட்களை அளந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு. தேறாதவற்றைத் தூக்கிப் போடுவதால் வரும் நஷ்டம். கழித்த பொருளின் விலையும் தேறிய பொருளின் தலையில்தான் விழும்.

3. விற்ற பிறகான பொறுப்பு. வாரண்டி, உதிரிபாகக் கையிருப்பு, பழுது பார்க்கும் ஆட்கள், மென்பொருள் என்றால் பாதுகாப்பு அப்டேட்.

4. பெயர். விளம்பரம், பெட்டி, கடையின் பளபளப்பு, வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் கௌரவம்.

5. ஆள் பார்த்துப் பிரிக்கும் உத்தி. கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் கூடுதலாக வாங்குவது. இதற்கு உற்பத்திச் செலவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமலேகூட இருக்கலாம்.

விவாதங்களில் முதல் பங்கும் நான்காவது பங்கும் மட்டும் மோதிக்கொள்கின்றன. 'நல்ல சரக்கு' என்பார் ஒருவர், 'வெறும் பெயர்' என்பார் இன்னொருவர். இடையில் இருக்கும் இரண்டாவது பங்கை யாரும் கண்டுகொள்வதில்லை. மலிவுப் பொருள் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

## சராசரியைவிடச் சிதறல் முக்கியம்

ஒரே வரைபடம், ஒரே அச்சு, ஒரே ஆலை. ஆனாலும் வெளியே வரும் ஆயிரம் பொருட்களும் ஆயிரம் விதமாகக் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைச் சிதறல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று வரைபடம் சொன்னால், 9.98 முதல் 10.02 வரை ஏற்கலாம் என்று பக்கத்திலேயே ஓர் எல்லையும் எழுதியிருக்கும். அந்த எல்லைக்குப் பெயர் டாலரன்ஸ்.

எல்லைக்குள் இருந்தால் எல்லாம் சமம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை என்பதற்குத் தொழில்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் ஒரே வடிவமைப்புக் கியர்பாக்ஸை இரண்டு இடங்களில் செய்ய வைத்தது. ஒன்று அமெரிக்காவில் தன் சொந்த ஆலை, மற்றது ஜப்பானில் மஸ்தா. மஸ்தா கியர்பாக்ஸில் சத்தம் குறைவு, வாரண்டியில் திரும்பி வந்தவையும் குறைவு. பிரித்து அளந்தபோது இரண்டு ஆலைப் பாகங்களும் எல்லைக்குள்தான் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், ஃபோர்டு ஆலையின் பாகங்கள் எல்லை முழுவதும் பரவிக் கிடந்தன. மஸ்தாவின் பாகங்கள் நடு அளவை ஒட்டியே நெருக்கமாக இருந்தன.

இதை நம் கேள்விக்குக் கொண்டுவந்தால், மலிவுப் பொருளின் சராசரி பல நேரம் நன்றாகவே இருக்கும். சிக்கல் சிதறலில். இணையக் கடையில் ஒரே பொருளுக்குக் கீழே "ஐந்து வருஷமாக ஓடுகிறது, அருமை" என்றும் "ரெண்டே நாளில் போச்சு" என்றும் இரண்டு கருத்துகள் இருந்தால் இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு வரிசையின் நல்ல முனையிலிருந்து வந்தது, மற்றவருக்கு மோசமான முனையிலிருந்து. நாலரை நட்சத்திரம் என்ற சராசரி இந்த இரண்டு முனைகளையும் மறைத்துவிடும். ஒற்றை நட்சத்திரக் கருத்துகளை மட்டும் தனியாகப் படிப்பவர்கள் விவரமானவர்கள்.

ஆக, கூடுதல் விலை நியாயமாக எதையாவது வாங்குகிறது என்றால், மோசமான ஒன்று நம் கைக்கு வராமலிருக்கும் உறுதியைத்தான் வாங்குகிறது. அதற்குக் காசு கொடுக்கலாமா என்பது, மோசமான ஒன்று வந்தால் நமக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. ஸ்டேப்ளர் கோணலாக வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். கார் பிரேக் அப்படி வந்தால்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சிதறலைக் குறைக்க எப்போதும் கூடுதல் செலவு ஆகும் என்றில்லை. ஒழுங்காக வேலை செய்தால் கழிவும் குறைகிறது, செலவும் குறைகிறது. ஜப்பானிய ஆலைகள் அந்தக் காலத்தில் உலகத்துக்குக் காட்டியது அதைத்தான். அதனால் விலைக்கும் தரத்துக்கும் இடையே உள்ள கயிறு தளர்வானது. சில இடங்களில் அறுந்தே கிடக்கிறது.

## விலை எப்போது உண்மை பேசும்

பொருளாதார ஆய்வாளர்கள் பொருட்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டையும் ஃபிலிப் நெல்சன் 1970இல் வகுத்தார். மூன்றாவதை 1973இல் டார்பி, கார்னி என்ற இருவர் சேர்த்தார்கள்.

1. வாங்குவதற்கு முன்பே தரம் தெரிபவை. மேசையின் அளவு, துணியின் நிறம்.

2. பயன்படுத்தினால்தான் தெரிபவை. செருப்பு, ஹெட்போன், மெத்தை.

3. பயன்படுத்திய பிறகும் தெரியாதவை. சத்து மாத்திரை வேலை செய்ததா, தானாகவே உடம்பு தேறியதா? மின்னழுத்தம் திடீரென எகிறினால் சாதனங்களைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் உண்மையில் காப்பாற்றியதா, மின்னழுத்தம் எகிறவே இல்லையா?

முதல் வகையில் கண்ணே போதும், விலையைப் பார்த்துத் தரத்தை ஊகிக்க வேண்டியதில்லை. இரண்டாவது வகையில், நம்மிடம் திரும்பத் திரும்ப விற்க வேண்டிய நிறுவனத்துக்கு ஏமாற்றுவது கட்டுப்படியாகாது. அதனால் அங்கே பெயருக்கு ஓரளவு மதிப்பு உண்டு. மூன்றாவது வகைதான் ஆபத்து. ஏமாந்ததே தெரியாது என்பதால் விற்பவருக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லாத இடத்தில் விலை எதை வேண்டுமானாலும் சொல்லும்.

இதே தர்க்கத்தைப் பழைய கார் சந்தையில் வைத்துக் காட்டியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 1970இல் எழுதினார், 2001இல் நோபல் பரிசு பெற்றார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவான ஒரு விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார், சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மட்டமான கார்கள். விலை இன்னும் இறங்கும், இன்னும் சில நல்ல கார்கள் விலகும்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி, பொய் சொன்னால் தனக்கே நஷ்டம் என்ற நிலைக்கு விற்பவர் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வது. அமெரிக்காவில் ஹூண்டாய் கார் என்றாலே மட்டம் என்ற பேச்சு இருந்த காலத்தில், 1998இல் அந்த நிறுவனம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரண்டி அறிவித்தது. கார் உண்மையிலேயே மட்டமாக இருந்திருந்தால் அந்த வாக்குறுதியே நிறுவனத்தைக் குடித்திருக்கும். விலை ஏற்றுவது யாருக்கும் எளிது. இப்படி ஒரு வாக்குறுதி கொடுப்பது எளிதல்ல. ஆகவே விலைச்சீட்டைவிட வாரண்டிச் சீட்டை நம்பலாம். அதிலும் அதைக் கொடுப்பவர் நாளைக்கும் இருப்பாரா என்று பார்த்து. மாதத்துக்கு ஒரு புதுப் பெயரில் இணையத்தில் விற்கிறவர் 'வாழ்நாள் வாரண்டி' என்று எழுதினால், அது பொருளின் வாழ்நாளா அவர் கடையின் வாழ்நாளா என்று கேட்கத் தோன்றுகிறது.

## கூடுதல் விலை வீணாகும் இடங்கள்

சட்டமோ இயற்பியலோ சிதறலை ஏற்கெனவே நெரித்துவிட்ட இடங்களில், கூடுதல் காசு வாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மூன்று உதாரணங்கள்.

மருந்து. காப்புரிமை முடிந்த மருந்தை வேறு நிறுவனங்கள் செய்து விற்பது ஜெனரிக் மருந்து. மூலமருந்து அதேதான். ரத்தத்தில் அது சேரும் அளவும் வேகமும் பிராண்டு மருந்தோடு பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே ஒப்புதல். இந்தச் சோதனையில் '80 முதல் 125 சதவீதம்' என்று ஒரு வரம்பு வரும். அதைப் பார்த்து, ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவாக இருக்கலாம் என்று பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சராசரி அந்த வரம்புக்குள் எங்காவது இருந்தால் போதாது. சராசரியைச் சுற்றியுள்ள புள்ளியியல் ஐயப்பாடு முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். சராசரி 100ஐ ஒட்டி இருந்தால்தான் அது நடக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2,070 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்பில் சேர்ந்த அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

விஷயம் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பது இன்னும் சுவாரசியம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தலைவலி மருந்து வாங்குவதைக் கணக்கெடுத்தது. பொதுவான வாடிக்கையாளர்கள் நூற்றுக்கு 26 முறை பிரபல பிராண்டை எடுத்தார்கள். மருந்தாளுநர்கள் 9 முறை மட்டுமே. உப்பு, சர்க்கரை விஷயத்தில் சமையல் தொழில் செய்பவர்களும் அப்படியே நடந்துகொண்டார்கள்.

இதற்கும் வரம்பு உண்டு. வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுப்பது), லெவோதைராக்சின் (தைராய்டு குறைவுக்கு) போல அளவு இம்மி பிசகினாலும் விளைவு மாறும் மருந்துகளில் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டும். அப்புறம், சிதறலை நெரிப்பது கட்டுப்பாட்டு அமைப்பு என்பதால், அந்த அமைப்பு தூங்கினால் மேலே சொன்ன வாதமும் படுத்துவிடும்.

டிஜிட்டல் கேபிள். டிவிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ கேபிளில் போவது எண்கள். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் அப்படியே வரும். சேராவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் அல்லது திரை கறுத்துப்போகும். தங்க முலாம் பூசியதால் சிவப்பு இன்னும் சிவப்பாகாது. பார்க்க வேண்டியது அதன் வேக வகையும் நீளமும்தான். பெரும்பாலான வீட்டு டிவிகளுக்கு, நொடிக்கு 48 ஜிகாபிட் வேகத்துக்குச் சான்று பெற்ற கேபிள் என்றால் போதும், அதற்கு மேல் கொடுப்பது அலங்காரத்துக்கு.

கைக்கடிகாரம். இங்கே விலை தலைகீழாக நிற்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. சாதாரண மலிவுக் கடிகாரமே மாதத்துக்கு 15 நொடி அளவுக்குத்தான் தவறும். சுருள்வில்லில் ஓடும் சுவிஸ் கடிகாரம் 'க்ரோனோமீட்டர்' சான்று பெற, சோதனையில் நாளுக்கு 4 நொடி பின்தங்கலுக்கும் 6 நொடி முந்தலுக்கும் இடையில் இருந்தால் போதும். மாதக் கணக்கில் பார்த்தால் அது பல மடங்கு பெரிய பிழை. நேரம் பார்ப்பதற்கு என்றால் போட்டியே இல்லை, மலிவுக் கடிகாரமே ஜெயிக்கும். இதில் வேடிக்கை, முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்க்கோ அஸ்ட்ரான் 1969 டிசம்பர் 25 அன்று வந்தபோது அதன் விலை ஏறக்குறைய ஒரு சின்னக் காரின் விலை. அன்றைக்கு அந்தக் காசு துல்லியத்துக்காகப் போனது. இன்றைக்குச் சுருள்வில் கடிகாரத்துக்குப் போகும் காசு கைவினைக்கும் கௌரவத்துக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால்.

## ஒரு சார்ஜரைத் திறந்து பார்த்தால்

இப்போது மறுபக்கம். வெளியே ஒன்றுபோலவே இருந்து, உள்ளே முற்றிலும் வேறாக இருக்கும் பொருளுக்குச் செல்போன் சார்ஜரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நுழைந்ததும் நேர்மின்சாரமாக மாறும். அந்த இடத்தில் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கும் மேல். அதை வேகமாக வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வழியாக அனுப்பி, மறுபக்கம் 5 வோல்ட் எடுக்கிறார்கள். 300 வோல்ட் பக்கத்துக்கும், உங்கள் கை தொடும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் கம்பித் தொடர்பே இருக்கக் கூடாது. மொத்தப் பாதுகாப்பும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நல்ல சார்ஜரில் சர்க்யூட் பலகையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே பல மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டிருப்பார்கள். சிலவற்றில் பலகையையே அங்கே அறுத்துப் பிளவு விட்டிருப்பார்கள், தூசியோ ஈரமோ பாலம் போட்டுவிடக் கூடாது என்று. டிரான்ஸ்பார்மரில் சுற்றிய கம்பிக்கு மூன்று அடுக்கு உறை. உள்ளே நுழையும் இடத்தில் ஃபியூஸ். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஒரே கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) ஒய் வகை. பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்தது. மட்டமான சார்ஜரில் அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். ஃபியூஸ் இருக்காது. ஒய் வகை இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணக் கெபாசிட்டர். இரண்டுமே போனை சார்ஜ் ஏற்றும். மட்டமானதில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களும் இல்லாததால், சார்ஜில் இருக்கும்போது தொடுதிரை தாறுமாறாக நடந்துகொள்ளும். வெளியே தெரியும் அடையாளம் அநேகமாக அது ஒன்றுதான்.

ஆயுளையும் இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். சார்ஜர், எல்ஈடி பல்பு, டிவி எதுவானாலும் முதலில் சாகும் பாகம் பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் வாய்ப்பாடு.

1. '105 டிகிரியில் 2,000 மணி நேரம்' என்று எழுதிய கெபாசிட்டரை 65 டிகிரி சூடுள்ள பெட்டியில் வைத்தால், 40 டிகிரி குறைவு. நான்கு முறை இரட்டிக்கும்: 32,000 மணி நேரம். மூன்றரை ஆண்டுக்கு மேல் இடைவிடாத ஓட்டம்.

2. '85 டிகிரியில் 2,000 மணி நேரம்' வகையை அதே பெட்டியில் வைத்தால் இரண்டே முறை இரட்டிக்கும்: 8,000 மணி நேரம். ஓர் ஆண்டுகூட இல்லை.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம். '25,000 மணி நேரம்' என்று பெட்டியில் எழுதிய எல்ஈடி பல்பு ஒன்றரை ஆண்டில் போய்விட்டால், எழுதியது பொய் என்றும் சொல்ல முடியாது: ஒளிரும் சில்லு அவ்வளவு காலம் தாங்கும், பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்தான் தாங்கவில்லை.

கேபிளிலும் இதே கதை நடந்தது. யூஎஸ்பி-சி வந்த புதிதில், கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் இணையத்தில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவந்தார். பலவற்றில் 56 கிலோஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோஓம் மின்தடை இருந்தது. போன் அதைப் பார்த்து, சார்ஜர் தாங்குவதைவிட அதிக மின்சாரம் கேட்கும். 2016இல் ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறியிருந்ததால் அவருடைய லேப்டாப்பே பழுதானது. அந்த ஆண்டே அமேசான், தரவிதிக்கு உட்படாத யூஎஸ்பி-சி கேபிள்களை விற்கக் கூடாது என்றது. கவனியுங்கள்: சரியான மின்தடை தவறானதைவிட விலை கூடியதல்ல. கம்பியை மாற்றி இணைப்பதில் ஒரு காசும் மிச்சமில்லை. அந்த மலிவில் விடுபட்டது யாராவது ஒருவர் சோதித்துப் பார்ப்பது மட்டுமே.

## வேண்டுமென்றே மட்டமாக்குவது

ஐந்தாவது பங்கைப் பற்றி இங்கே. 1849இலேயே ஜூல்ஸ் டூப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயிலை வைத்து இதை விளக்கிவிட்டார். அன்றைய மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கூரை கிடையாது. கூரை போட ஆகும் செலவு ரயில் கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல. கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவார், அதுதான் கவலை. ஏழையை வதைப்பது நோக்கமில்லை, வசதியானவரைப் பயமுறுத்துவதே நோக்கம் என்று சொன்னார்.

1990இல் ஐபிஎம் ஒரு மலிவு லேசர் பிரிண்டர் விட்டது. நிமிடத்துக்கு 5 பக்கம். அதன் அண்ணன் 10 பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே இயந்திரம். மலிவுப் பிரிண்டரில் வேகத்தைக் குறைப்பதற்காகவே கூடுதலாக ஒரு ஏற்பாடு. அதாவது மலிவானதைச் செய்யத்தான் செலவு அதிகம்! மறு ஆண்டு இன்டெல் 486 எஸ்எக்ஸ் என்ற கணினிச் சில்லு வந்தது. உள்ளே இருந்த கணிதப் பகுதியை அணைத்துவிட்டு மலிவாக விற்றார்கள். இன்றைக்கு மென்பொருளில் இது சர்வ சாதாரணம், பூட்டிய வசதிக்குக் காசு கட்டினால் பூட்டு திறக்கும்.

இதைத் திட்டுவதற்கு முன் ஒன்று. இப்படிப் பிரிக்கவில்லை என்றால் மலிவு வகையே சந்தைக்கு வந்திருக்காது என்ற வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வாங்குபவருக்குத் தேவையானது வேறு தகவல்: ஒரே நிறுவனத்தின் மேல் வகைக்கும் கீழ் வகைக்கும் நடுவே உள்ள விலை இடைவெளி, செலவின் இடைவெளியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கீழ் வகையில் நிறுத்தியிருப்பது உங்களுக்குத் தேவைப்படாத வசதி என்றால், லாபம் உங்களுக்கு.

## நம் அனுபவமே சாட்சி சொல்லுமா

"நான் ரெண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விலை தெரிந்த பிறகு உணரும் வித்தியாசத்தில் விலைக்கும் பங்கு உண்டு.

2008இல் ஓர் ஆய்வில் 82 பேருக்கு மணிக்கட்டில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, புது வலி மாத்திரை என்று ஒன்றைத் தந்தார்கள். உண்மையில் அது மருந்தே இல்லாத மாத்திரை. பாதிப் பேரிடம் ஒரு மாத்திரை இரண்டரை டாலர் என்றும், மீதிப் பேரிடம் விலை குறைத்து 10 சென்ட் என்றும் சொன்னார்கள். அதிக விலை கேட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. குறைந்த விலை கேட்டவர்களில் 61 சதவீதம் பேருக்கு.

நிபுணர்களும் விலக்கல்ல. 2012இல் பாரிஸில் பத்து உலகத்தர வயலின் கலைஞர்களிடம், எது எதுவென்று தெரியாதபடி பார்வையை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி அணிவித்துப் பழைய இத்தாலிய வயலின்களையும் புது வயலின்களையும் கொடுத்தார்கள். பழையவற்றில், உலகின் விலை உயர்ந்த வயலின்களுக்குப் பெயர்போன ஸ்ட்ராடிவாரியஸும் உண்டு. கச்சேரிக்கு எதை எடுத்துப் போவீர்கள் என்ற கேள்விக்கு ஆறு பேர் கைகாட்டியது புது வயலினை. எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிப்பதிலும் அவர்களுக்குத் தெளிவில்லை.

காது, நாக்கு, மூக்கு, தோல் சம்பந்தப்பட்ட பொருட்களில் கூடுதலாகக் கொடுக்கும் முன், யாரையாவது விட்டுப் பெயரை மறைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வித்தியாசம் தெரியாவிட்டால் காசு மிச்சம். தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.

## பயன்பாட்டுக்கு எவ்வளவு

பிரபலமான கணக்கு இது: விலையை, பயன்படுத்தும் தடவைகளால் வகுப்பது. ஒரு பங்கு விலையில் ஓராண்டு உழைக்கும் பொருளைவிட, நான்கு பங்கு விலையில் ஆறு ஆண்டு உழைப்பது லாபம். கணக்கு சரி. அதில் போடும் எண்கள்தான் பெரும்பாலும் தவறு.

முதலாவதாக, நாம் எத்தனை தடவை பயன்படுத்துவோம் என்பதை நாமே மிகைப்படுத்துகிறோம். தினமும் எட்டு மணி நேரம் துளை போடும் தச்சருக்கு, கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட டிரில் காசைத் திருப்பித் தரும். ஆண்டுக்கு நான்கு தடவை எடுக்கும் வீட்டுக்காரருக்கு பிரஷ் மோட்டாரே ஆயுசுக்கும் தேயாது. இரண்டாவது, விலை கூடியது தானாக நீண்ட காலம் உழைக்காது. பழுது பார்க்க முடிந்தால்தான் உழைக்கும். அடிப்பாகத்தைத் தைத்த தோல் ஷூவுக்கு அடி தேய்ந்தால் புது அடி போடலாம். பசையால் ஒட்டியதில் அது கஷ்டம், மேற்பகுதி எவ்வளவு உயர்ந்த தோலாக இருந்தாலும். மூன்றாவது, தொழில்நுட்பம் ஓடிக்கொண்டிருக்கும் பொருளில் நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் காசு பாதி வீண். பொருள் நன்றாக இருக்கும்போதே அதற்கு மென்பொருள் அப்டேட் நின்றுவிடும்.

கையில் மொத்தமாகக் காசு இல்லாதவருக்கு இந்தக் கணக்கு கேலி போலத் தோன்றும் என்பதையும் மறுக்க முடியாது. ஆறு ஆண்டு லாபம், முதல் நாளே நான்கு பங்கு கொடுக்க முடிந்தவருக்குத்தான் கிடைக்கிறது.

## வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. மோசமான ஒன்று கைக்கு வந்தால் என்ன ஆகும்? எரிச்சல் மட்டும் என்றால் மலிவு போதும். தீ, மின்னதிர்ச்சி, விபத்து என்றால் அடுத்த கேள்விக்குப் போகவும்.

2. யார் சோதித்தது? இங்கே விலையைவிடச் சான்று முக்கியம், அதிலும் யார் கொடுத்த சான்று என்பது. பெரும்பாலான பொருட்களில் ஐரோப்பிய 'சிஈ' முத்திரை உற்பத்தியாளரே தனக்குத்தானே குத்திக்கொள்வது. 'யூஎல்' போன்றவை வெளி ஆய்வகம் சோதித்துக் கொடுப்பவை. டயருக்கு ஐரோப்பாவில் 2012 முதல் ஈரச் சாலையில் பிடிப்பு எப்படி என்று எழுத்து வரிசையில் தரம் ஒட்டுகிறார்கள். அப்போதைய அட்டவணைப்படி உச்ச வகைக்கும் அடிமட்ட வகைக்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நான்கு கார் நீளம் அது. விலைச்சீட்டு இதைச் சொல்லாது, அந்த எழுத்து சொல்லும்.

3. வித்தியாசத்தை என்னால் உணர முடியுமா? பெயரை மறைத்து.

4. எவ்வளவு பயன்படுத்துவேன் என்று எனக்கே தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் மலிவானதை வாங்குங்கள். அது உடைந்தால், எங்கே உடைந்தது என்பதே அடுத்த முறை எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று காட்டிவிடும். உடையாவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

நான்காவது கேள்வியில் சொன்ன, முதலில் மலிவாக வாங்கிப் பார்க்கும் வழி செல்லாத பொருட்கள் சில உண்டு, ஒரே ஒரு முறைதான் வேலை செய்ய வேண்டும் என்பவை. ஹெல்மெட் அதில் முக்கியம். பிரிட்டனில் 2007 முதல் 'ஷார்ப்' என்ற அரசுத் திட்டம் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்றவற்றில் மலிவானவையும் உண்டு, அதைவிட விலை கூடியவை பின்தங்கியதும் உண்டு. ஆக ஹெல்மெட்டில் புதிய, சான்று பெற்ற, மலிவான ஒன்றை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டிய மலிவு, யாரோ பயன்படுத்திய பழையது. உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கினால் மீண்டு எழாது, வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும்.